பாதி மட்டும் சுடும் ரேடியேட்டர்கள்: ஹாரோவில் ஒரு பழுதுபார்ப்புச் சேவை

லண்டன் புறநகரான ஹாரோவில் எங்கள் வீட்டிலுள்ள, பாய்லரில் காய்ந்த சுடுநீர் உள்ளே ஓடி அறையைச் சூடாக்கும் ஒன்பது ரேடியேட்டர்களில் நான்கு, சென்ற நவம்பரில் சரியாகச் சூடேறவில்லை. வரவேற்பறையில் இருப்பது மேலே கொதித்து, அடியில் சில்லென்று கிடந்தது. மாடியில் இரண்டு வெதுவெதுப்போடு நின்றுவிட்டன. சின்ன அறையில் இருந்தது சூடேறவே இல்லை.

முதலில் அழைத்த நிறுவனத்திலிருந்து வந்தவர், ஒரு ரேடியேட்டரையும் தொட்டுப் பார்க்காமலேயே, குழாய்கள் முழுவதையும் இயந்திரம் வைத்து அலசும் ‘பவர் ஃப்ளஷ்’ செய்தாக வேண்டும் என்று சொல்லி 650 பவுண்டு கேட்டார். நாடி பிடிக்காமலே மருந்து எழுதியது போலிருந்ததால், நண்பர் சொன்ன, தனியாகத் தொழில் செய்யும் வேறொருவரை வரவழைத்தோம். இந்த மதிப்பீடு அவருடைய ஐந்து மணி நேர வேலையைப் பற்றியது.

அவர் கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே பாய்லரை ஓடவிட்டு, ஒவ்வொரு ரேடியேட்டரையும் உள்ளங்கையால் மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தார். மேற்பகுதி குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. காற்றுத் துளையைச் சாவியால் திறந்து அதை வெளியேற்றி, பாய்லரின் அழுத்தம் குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் வரை இருக்கும்படி நீர் நிரப்பினால் போதும். அடிப்பகுதி நடுவில் குளிர்ந்திருந்தால், இரும்பு அரித்து உண்டான கறுப்புக் கசடு அங்கே படிந்திருக்கிறது. ரேடியேட்டர் முழுவதுமே சூடாகாவிட்டால் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். எங்கள் வீட்டில் காற்றைத் தவிர மற்றக் கோளாறுகள் எல்லாம் இருந்தன.

சின்ன அறையின் கோளாறு இரண்டு நிமிடத்தில் தீர்ந்தது. அறையின் வெப்பத்துக்கேற்ப நீரை விடும் தெர்மோஸ்டாட் வால்வின் தலையைக் கழற்றியபோது, கோடை முழுவதும் மூடியே கிடந்த அதன் ஊசி உள்ளே இறுகியிருந்தது தெரிந்தது. அவர் அதை மெல்லத் தட்டி, மேலும் கீழும் அசைய வைத்தார். குறடு வைத்து இழுத்தால் ஊசியே கையோடு வந்து நீர் பீறிடக்கூடும் என்று எச்சரித்ததை, சொந்தமாக முயல நினைப்பவர்களுக்காக இங்கே குறிக்கிறேன்.

வரவேற்பறை ரேடியேட்டரை இரண்டு பக்க வால்வுகளையும் மூடிக் கழற்றி, தோட்டத்துக்குத் தூக்கிச் சென்று குழாய்த் தண்ணீரால் அலசினார். மை போன்ற நீர் கால் மணி நேரம் வந்தது. கம்பளத்தின் மேல் அவர் விரித்த பழைய போர்வைகள் எங்கள் மானத்தைக் காத்தன.

அவருடைய கைத்திறன் முழுமையாக வெளிப்பட்டது மாடி ரேடியேட்டர்களில்தான். அவற்றில் பழுது எதுவும் இல்லை. பந்தியில் முதல் இலைகளிலேயே சோறு தீர்ந்துபோவது போல, பாய்லருக்கு அருகிலுள்ளவை சுடுநீரை அள்ளிக்கொண்டதால் கடைசியில் இருந்தவற்றுக்குப் போதிய நீரோட்டம் கிடைக்கவில்லை. உள்வரும், வெளியேறும் குழாய்களில் வெப்பமானிகளை மாட்டி, இரண்டுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு எல்லா ரேடியேட்டர்களிலும் ஏறத்தாழ 12 டிகிரி ஆகும்வரை, நீரோட்டத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் மூடியிட்ட ‘லாக்‌ஷீல்ட்’ வால்வுகளைக் கால் சுற்று, அரைச் சுற்றாகத் திருகினார். மூன்று மணி நேரம் இதற்கே போயிற்று. மணிக்கணக்கில் கூலி தருபவர்களுக்கு இது உறுத்தலாம், எனக்கும் உறுத்தியது.

பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி பொருத்தி, அரிப்பைத் தடுக்கும் திரவத்தையும் ஊற்றியதோடு சேர்த்து 380 பவுண்டு வாங்கினார். எரிவாயுப் பகுதியைத் தொடச் சட்டப்படி தேவையான கேஸ் சேஃப் அட்டையை, அந்த வேலை அன்று இல்லாதபோதும், கேட்காமலே காட்டினார்.

குறைகளும் உண்டு. சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணி தாமதித்து வந்தார். எந்த வால்வு எத்தனை சுற்று திறந்திருக்கிறது என்று எழுதித் தரவில்லை. நாளை வேறொருவர் ஒரு ரேடியேட்டரைக் கழற்றினால் அந்த மூன்று மணி நேர உழைப்பு வீணாகும் என்பதால், நானே ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்து பாய்லர் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். வரவேற்பறை ரேடியேட்டரின் ஒரு மூலை இன்னும் முழுமையாகச் சுடவில்லை. அது இறுகிப்போன கசடு, மாற்றினால்தான் தீரும் என்று அவரே சொல்லிவிட்டார்.