காதுவில்லையா, சில்லா, மூக்குரேகையா: எல்லையோர மாட்டுக்கு எந்த அடையாளம்?

பாகூர்ப் பக்கத்தில் ஊருக்கு ஊர் அரசு மாறும். ஒரு கிராமம் புதுச்சேரியைச் சேர்ந்தது என்றால், அதன் வரப்பைத் தாண்டியதும் கடலூர் மாவட்டம் தொடங்கிவிடும். பாகூரில் புதுச்சேரியின் பால் கூட்டுறவான பாண்லேவுக்குப் பால் ஊற்றிய ஒரு ஜெர்சிக் கலப்பினப் பசு, விலைபோய் நெல்லிக்குப்பத்துக்கு வந்த மறுநாளே ஆவின் சங்கத்துப் பசுவாகிவிடுகிறது. சினை ஊசி போட்ட மருத்துவர், தடுப்பூசி போட்ட துறை, கறவை எழுதிய நோட்டு ஆகிய மூன்றும் பழைய ஊரிலேயே தங்கிவிடுகின்றன. இந்தப் பசுவை மூன்று ஈற்றுக்காலம் பின்தொடர வேண்டிய ஓர் ஆய்வுக்கு முதற்கேள்வி நோயைப் பற்றியதோ தீவனத்தைப் பற்றியதோ அன்று. நேற்றுப் பார்த்த மாடும் இன்று பார்க்கும் மாடும் ஒன்றுதானா என்பதே.

அத்தகைய ஆய்வைக் கூட்டாகச் செய்ய இந்த வட்டாரத்தில் ஆளில்லாமல் இல்லை. குரும்பாப்பேட்டையில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. காலாப்பட்டில் 1985இல் தோன்றிய புதுவைப் பல்கலைக்கழகமும், அருகே பிள்ளைச்சாவடியில் பொறியியற் கல்லூரியாயிருந்து வளர்ந்த தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், தெற்கே சிதம்பரத்தில் 1929ஆம் ஆண்டின் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் ஒரே நாளில் போய்த் திரும்பும் தொலைவில் உள்ளன. ஆனால் கால்நடை மருத்துவர், மின்னணுவியலாளர், கணினியாளர் ஆகிய மூவரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால், ஒவ்வொருவரும் தத்தம் துறைக்கு உகந்த அடையாள முறையையே முன்வைப்பார்கள். மாட்டைப் பிடிக்கப்போகிறவர் காதில் மாட்டும் எண் வில்லையான காதுவில்லை போதும் என்பார்; மின்னணுவியல் படித்தவர் எண்ணைத் தாங்கிய மின்னணுச் சில்லைப் பொருத்தச் சொல்வார்; படங்களைக் கொண்டு கணினிக்குக் கற்பிப்பவர் மாட்டின் மூக்கு நுனியில் உள்ள மூக்குரேகையை விட வேறில்லை என்பார்.

அடையாளம் தவறினால் எவ்வளவு கெடும் என்பதை முதலில் கணக்காகப் பார்த்துவிடலாம். ஒரே காளையின் மகள்களாகப் பதிவான பசுக்களில் பத்தில் ஒன்று உண்மையில் வேறொரு காளையின் மகள் என்று கொள்வோம். அந்தப் பட்டியலிலிருந்து எடுக்கும் ஏதேனும் இரண்டு பசுக்களும் மெய்யாகவே அக்காளைக்குப் பிறந்தவையாக இருக்கும் வாய்ப்பு 0.9 × 0.9, அதாவது 0.81. பால் அளவு எந்த அளவுக்குத் தலைமுறை வழியே இறங்குகிறது என்பதை ஒரு தந்தைக்குப் பிறந்த பசுக்களின் ஒற்றுமையைக் கொண்டே மதிப்பிடுவதால், பத்து விழுக்காட்டுக் குழப்பம் அம்மதிப்பீட்டை ஏறக்குறைய 19 விழுக்காடு குறைத்துவிடும். நல்ல காளை சுமாரான காளையாகத் தெரியும். பிழை இரட்டிப்பாகும் இந்தத் தன்மைதான், அடையாளத்தை எழுத்தர் வேலை என்று ஒதுக்கிவிட முடியாதபடி செய்கிறது.

இப்போது காதுவில்லை. நாடெங்கும் மாடு எருமைகளுக்குப் பொருத்தப்படும் மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண்ணும் பட்டைக்கோடும் இருக்கும். கோமாரி, கன்று வீச்சு நோய்களைக் கட்டுப்படுத்தும் தேசியத் திட்டம் 2019 செப்டம்பரில் தொடங்கியபின் இது வேகமாகப் பரவியது. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டின் மாடுகள் சுமார் 19 கோடியே 25 லட்சம், எருமைகள் சுமார் 11 கோடி. 12 இலக்கத்தில் ஒரு லட்சம் கோடி எண்கள் உண்டு என்பதால் எண் தீர்ந்துபோகும் என்ற அச்சமில்லை. இதன் பெரிய வலிமை, எந்தக் கருவியும் இன்றிக் கண்ணால் படிக்கலாம் என்பதும், எல்லைக்கு இருபுறமும் ஒரே எண்ணே செல்லும் என்பதும் ஆகும். காப்பீட்டில் வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை என்ற விதி இருப்பதால், உரிமையாளருக்கும் அதைக் காப்பாற்றுவதில் அக்கறை உண்டு.

குறை, படிப்பதிலும் எழுதுவதிலும் இருக்கிறது. சாணமும் சேறும் படிந்த வில்லையில் 3, 6, 8 மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். ஒருவர் காதைப் பிடித்துக்கொண்டு ‘அறுபத்தேழு’ என்று சொல்ல, மாடு தலையை உதறும் நேரத்தில் எழுதுபவர் ‘இருபத்தேழு’ என்று எழுதுவதை எந்தத் தொழுவத்திலும் காணலாம். நான் சரிபார்க்க நேர்ந்த ஒரு மாணவர் பதிவேட்டில் காளைக்கன்று ஒன்று காலைக் கறவையில் நான்கு லிட்டர் கொடுத்திருந்தது; பக்கத்துப் பசுவின் எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியதே அந்த அதிசயத்துக்குக் காரணம்.

இவ்வகைப் பிழைக்குக் கணிதம் பழைய மருந்து ஒன்றை வைத்திருக்கிறது: எண்ணின் கடைசியில் சேர்க்கும் சரிபார்ப்பு இலக்கம். ஆய்வுக்கென்று தனியாகத் தொழுவ எண்ணோ மாதிரிக்குப்பி எண்ணோ வகுக்கும்போது இங்கே இரண்டு முறைகள் போட்டியிடுகின்றன. வங்கி அட்டைகளில் பயன்படும் லூன் முறை கையாலேயே கணக்கிடத்தக்கது; ஆனால் 09 என்பது 90 ஆக மாறினால் அது கண்டுகொள்ளாது. டச்சுக் கணிதர் வெர்ஹூஃப் 1969இல் தந்த முறை, ஐங்கோணத்தைத் திருப்புவதாலும் புரட்டுவதாலும் கிடைக்கும் பத்து உறுப்புக் குலத்தை, அதாவது எந்த இரண்டு உறுப்பைப் பெருக்கினாலும் அவற்றுள் ஒன்றையே விடையாகத் தரும் கணித அமைப்பைக் கொண்டு இயங்குகிறது. அக்குலத்தில் பெருக்கலின் வரிசை மாறினால் விடையும் மாறக்கூடும் என்பதால், ஓர் இலக்கம் தவறுவதையும் அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறுவதையும் அது ஒன்றுவிடாமல் பிடித்துவிடும். நம் ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் இந்த முறையில் அமைந்ததே. கைப்பேசியில் பதிவு செய்யும் காலத்தில் லூன் முறையின் எளிமைக்கு மதிப்பே இல்லை என்பதால், வெர்ஹூஃபைத் தேர்வதில் எனக்குத் தயக்கமில்லை. எனினும் ஓர் இலக்கம் ஓர் இலக்கம்தான். முற்றிலும் குருட்டாம்போக்கில் எழுதிய எண்களில் பத்தில் ஒன்று அதையும் ஏமாற்றிவிடும்.

சில்லு இந்த இடத்தில்தான் முந்துகிறது. பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் 11784, 11785 தரங்களின்படி அமைந்த சில்லுக்கு மின்கலம் கிடையாது. அதைப் படிக்கும் கருவியான படிப்பான் எழுப்பும் 134.2 கிலோஹெர்ட்ஸ் காந்தப்புலத்திலிருந்தே ஆற்றல் பெற்றுத் தன் எண்ணைச் சொல்கிறது. இந்தத் தாழ்ந்த அதிர்வெண் ஈரத்தையும் தசையையும் ஊடுருவிச் செல்வதால், சில்லைக் காதில் தொங்கவிடலாம், தோலுக்கடியில் செலுத்தலாம், விழுங்கவைத்து இரைப்பையிலேயே தங்கச் செய்யலாம். மூன்று இலக்க நாட்டுக் குறியீட்டை விட்டுவிட்டால் மாட்டின் எண்ணுக்கு மட்டும் 38 பிட்டுகள் (0, 1 என்னும் இலக்கங்கள்). அதாவது 27,000 கோடிக்கு மேற்பட்ட எண்கள். கூடவே வரும் 16 பிட்டுப் பிழைகாண் குறியீட்டை, குருட்டாம்போக்கான ஒரு பிழை ஏமாற்றும் வாய்ப்பு 65,536இல் ஒன்று. அமெரிக்கா 2024 நவம்பர் முதல் மாநில எல்லை தாண்டும் குறிப்பிட்ட வகை மாடுகளுக்குக் கண்ணாலும் கருவியாலும் படிக்கத்தக்க வில்லைகளைக் கட்டாயமாக்கியது என்பதை, எல்லையோரத்தில் வாழும் நாமும் கருதிப் பார்க்கலாம்.

ஆனால் கணினித் துறையிலேயே பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்று இங்கே உண்டு. பிழைகாண் குறியீடு இரைச்சலுக்கு எதிரானது, பொய்யனுக்கு எதிரானதன்று. அதைக் கணக்கிடும் விதி எல்லாருக்கும் தெரிந்தது; இரகசியத் திறவுகோல் எதுவும் அதில் இல்லை. இத்தரச் சில்லு தன் எண்ணைக் கேட்டவர் எவருக்கும் மறைகுறியீடின்றிச் சொல்லிவிடும். கேட்ட எண்ணை, திரும்ப எழுதத்தக்க மலிவான வேறொரு சில்லில் ஏற்றிவிட்டால், படிப்பானுக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே சில்லு பொருத்திய மந்தையைப் ‘பாதுகாப்பான தரவு’ என்று ஆய்வேட்டில் எழுதுவது தவறு. ‘பிழை குறைந்த தரவு’ என்பதே சரி. தவிர, இரண்டு மாடு, மூன்று மாடு வைத்திருக்கும் வீடுகளை நாள்தோறும் சுற்றும் பணியாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு படிப்பான் வாங்கித்தர வேண்டும். கல்லூரிப் பண்ணையில் ஒரே வாயில் வழியாக மாடுகள் கறவைக்கு வரும்போது இதன் பயன் தெளிவு. தெருவில் அத்தனை தெளிவில்லை.

மூக்குரேகை இம்மூன்றில் மிகவும் பழைய அறிவியல், மிகவும் புதிய கணினியியல். மாட்டின் மூக்கு நுனியில் உள்ள மேடுகளும் பள்ளங்களும் நம் கைரேகையைப் போலத் தனித்தன்மை உடையவை என்று பீட்டர்சன் 1922இலேயே பால்வள அறிவியல் இதழில் எழுதினார். அப்போது மை தடவித் தாளில் ஒற்றி எடுத்தார்கள். இப்போது கைப்பேசிப் படத்திலிருந்து நரம்பு வலைப்பின்னல் என்னும் கணினி முறை அதே வேலையைச் செய்கிறது. வில்லை அறுந்து விழும், சில்லு நகலாகும், மூக்கை மாற்ற முடியாது என்பது இதன் கவர்ச்சி. நடைமுறையில், நலமான மாட்டின் மூக்கு எப்போதும் ஈரமாக இருப்பதால் படத்தில் ஒளி பளிச்சிடும். மூக்கணாங்கயிறும் குறுக்கே வந்து மறைக்கும். பிடிக்காத மாடு நாக்கை நீட்டி நக்கிவிடும். மாட்டைப் பார்த்தறியாத ஒருவர் சேகரித்த படத்தொகுதியில் பாதிப் படங்கள் ஏன் மங்கல் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

அதைவிட ஆழமான சிக்கல் நிகழ்தகவில் இருக்கிறது. வேறு மாட்டை அதே மாடு என்று தவறாகச் சொல்லும் வாய்ப்பு ஒரு ஒப்பீட்டுக்கு 10,000இல் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ‘இது வில்லையில் உள்ள எண்ணுக்குரிய மாடுதானா’ என்று ஒன்றை ஒன்றோடு ஒப்பிட்டால் அந்தத் துல்லியம் தாராளம். ‘இது யாருடைய மாடு’ என்று 2,000 மாடுகளின் தொகுப்பில் தேடினால், ஒரு தவறான பொருத்தமாவது தலைகாட்டும் வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு. 10,000 மாடுகளில் தேடினால் 63 விழுக்காடு. ஒரே நுட்பம், கேள்வி மாறியதும் சாட்சியாகவும் ஆகிறது, வதந்தியாகவும் ஆகிறது. ஆய்வேடுகளில் ‘99 விழுக்காடு துல்லியம்’ என்று காணும்போது, எத்தனை மாடுகளுக்குள் தேடியபோது என்று கேட்காமல் அதை நம்பக்கூடாது.

எனவே வீட்டுத் தொழுவங்களை உட்கொண்ட ஆய்வுக்கு என் தேர்வு இது: காதுவில்லை எண்ணே பதிவேட்டின் திறவுகோல்; மூக்குப்படம் அந்த எண் அந்த மாட்டுக்கு உரியது என்பதற்கு மட்டும் சாட்சி; சில்லு கல்லூரிப் பண்ணைக்கு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பகுதிக்குள் புகுந்த நிலைமையை நினைத்தால், மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் இல்லாத நாளிலும் படிக்கத்தக்க அடையாளம் ஒன்றாவது மாட்டின் உடலில் இருந்தாக வேண்டும். அந்த வேலையை மஞ்சள் வில்லை மட்டுமே செய்யும்.

பதிவேட்டை எங்கே வைப்பது என்ற அடுத்த போட்டியில் பிளாக்செயின் என்ற சொல் தவறாமல் வரும். ஒருவரையொருவர் நம்பாத பலர், நடுவர் இல்லாமல் ஒரே பதிவேட்டை ஒப்புக்கொள்வதற்கான ஏற்பாடு அது. இரண்டு கல்வி நிலையங்களும் ஒரு பால் சங்கமும் சேர்ந்த ஆய்வில் நடுவர் இல்லாமல் இல்லை. இங்கே தேவைப்படுவது, பழைய பதிவை யாராவது திருத்தினால் தெரிந்துவிட வேண்டும் என்பது மட்டுமே. அதற்குச் சாதாரணத் தரவுத்தளமும் தொடர்ச்சுருக்கமும் போதும்: அன்றைய பதிவுகளை, எந்தத் தரவையும் ஒரே நீளமுள்ள குறியீட்டு வரியாக்கும் எஸ்.எச்.ஏ.-256 சுருக்கச் சார்பில் இட்டு, இரண்டிரண்டாகச் சேர்த்துச் சுருக்கும் மெர்கிள் மரமாகக் கோத்து, முந்தைய நாளின் சுருக்கத்தையும் சேர்த்தால், மாலையில் 64 எழுத்துகள் கொண்ட ஒரே வரி கிடைக்கும். அதை மூன்று இடங்களுக்கும் அனுப்பிவிட்டால், பின்னர் எங்கோ ஒரு கறவை அளவை 6 என்பதிலிருந்து 9 ஆக்கினாலும் வரி பொருந்தாது. 1,024 பதிவுகளில் ஒன்று உண்மையானது என்று காட்ட 10 சுருக்கங்கள் மட்டும் போதும். ஒரு சுருக்கத்தோடு அடுத்ததைத் தொடராகக் கோக்கும் இக்கருத்தை ஹேபர், ஸ்டோர்நெட்டா என்ற ஆய்வாளர்கள் 1991இல் முன்வைத்தார்கள். பிளாக்செயினின் மூதாதை அது. பேரனை வேலைக்கு வைக்கும் முன் தாத்தாவால் வேலை முடிகிறதா என்று பார்க்கலாம். இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: தொழுவத்தில் தவறாக எழுதிய எண்ணை இரண்டுமே மாறாத தவறாகக் காப்பாற்றும்.

உரிமையாளரின் அந்தரங்கம் இன்னொரு பக்கம். பால் அளவு மாட்டின் தரவு போலத் தோன்றினாலும் அது ஒரு குடும்பத்தின் வருமானம். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பெயரும் கைப்பேசி எண்ணும் சேர்ந்த பதிவேட்டை இஷ்டம்போல் பகிர நினைப்பது கூடாது. பெயரை நீக்கிக் குறியீடு இடுவது எளிது. ஆனால் சிற்றூரில் எட்டுக் கறவை வைத்திருப்பவர் ஒருவரே என்றால் அந்த மறைப்பு மறைப்பாகாது. அதற்கு மாற்றாகச் சொல்லப்படும் வேறுபாட்டு அந்தரங்க முறை, விடையோடு அளந்த அளவில் தற்செயல் எண்ணான இரைச்சலைக் கலந்துவிடுகிறது. ஒரு பசுவின் நாட்கறவை 20 லிட்டருக்கு மேல் போகாது என்று வரையறுத்து, 40 பசுக்களின் சராசரியை வெளியிட்டால், ஒரு பசு மாறினால் சராசரி மாறக்கூடிய உச்சம் 20 ÷ 40, அதாவது அரை லிட்டர். அந்தரங்கக் காப்பின் இறுக்கத்தைக் குறிக்கும் அளவுருவை 1 என்று கொண்டால் இரைச்சலின் அளவும் அதுவே. புதிய தாதுக்கலவை தரும் கூடுதல் பாலே அரை லிட்டர்தான் என்றால், ஆய்வின் முடிவு இரைச்சலில் கரைந்துபோகும். 2,000 பசுக்களுக்கு அதே இரைச்சல் 10 மில்லி லிட்டர். சிறு மந்தைக்குக் குறியீடும் கட்டுப்படுத்திய அணுகலும், வட்டார அளவிலான வெளியீட்டுக்கு மட்டும் இரைச்சல் என்று பிரித்துக்கொள்வதே பொருந்தும்.

பதிவின் முதல் நாளுக்கு இன்னும் ஓர் ஏற்பாடு பாக்கி. நம் ஊரில் மாடு வாங்குகிறவர் எண்ணைப் பார்ப்பதில்லை. சுழி பார்ப்பார், கொம்பு பார்ப்பார், நெற்றி வெள்ளை பார்ப்பார். நகலெடுக்க முடியாத, மின்சாரம் வேண்டாத அடையாள முறை அது. உரிமையாளர் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். வில்லை எண்ணைச் சொல்பவரும் எழுதுபவரும் தனித்தனியாக இருமுறை பதிந்தபின், சுழி இருக்கும் இடத்தையும் நெற்றிக் குறியையும் உரிமையாளர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளலாம். படிவத்தில் அதற்கு ஒரு வரி போதும்.