பள்ளத்து வீட்டில் ஃபைபர்: ஐந்து மழைக்காலம் கழித்து

கோத்தகிரியிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, தேயிலைக்கு நடுவே ஒரு பள்ளத்தில் இருக்கிறது எங்கள் வீடு. செல்போனில் பேச வேண்டுமென்றால் மேலே தண்ணீர்த் தொட்டி வரை ஏறணும். அங்கே நின்று பேசினால் பாதி ஊருக்குக் கேட்கும் என்பது தனிக்கதை.

2020 கடைசியில் ஃபைபர் எடுத்தோம். ஒரே இழையில் நெட்டும் போனும். விற்க வந்த பையன் 100 எம்பிபிஎஸ் பற்றியே பேசினான். போனை, "அது ஃப்ரீ சார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். இத்தனை நாள் ஓட்டியதில் எனக்குப் புரிந்தது, நான் காசு கட்டுவதே அந்த ஃப்ரீக்குத்தான்.

வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முன்பு செம்புக் கம்பியில் பிராட்பேண்ட் வைத்திருந்தோம். எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக் கூட அதில் வேகம் குறையும். எங்களுக்கு நல்ல வெயில் நாளில் 2 எம்பிபிஎஸ். ஜாயிண்டில் தண்ணீர் இறங்கிவிட்டால் போனில் கரகர, நெட் அம்போ. இடி இடித்தால் கம்பி வழியாகவே வந்து மோடத்தைப் பதம் பார்க்கும்; இரண்டு போயிருக்கிறது. ஃபைபர் கண்ணாடி என்பதால் அந்தத் தொல்லை இல்லை. பிளக் பக்கம் வரும் மின்னலுக்கு அது பொறுப்பல்ல, அதனால் இடி நேரத்தில் அடாப்டரை இன்றும் பிடுங்கித்தான் வைக்கிறேன். கருங்கல் சுவர் வீடு, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அடுத்த அறையைக்கூடத் தாண்டாது. பின்கட்டுக்கு லேன் கேபிள் இழுத்து இன்னொரு ரவுட்டர் போட்டேன்.

வாங்கும்போது யாரும் சொல்லாத விஷயம் கரண்ட். பழைய லேண்ட்லைனுக்கு 48 வோல்ட் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்தே வந்துவிடும். ஊரே இருட்டாக இருந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும். ஃபைபரில் வீட்டிலிருக்கும் பெட்டிக்கு நாம்தான் கரண்ட் கொடுக்கணும். முதல் வருட ஐப்பசி மழையில் (எங்கள் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது) சில்வர் ஓக் ஒன்று கரண்ட் கம்பி மேல் சாய்ந்தது. அன்று ராத்திரி பார்த்து அம்மாவுக்கு மூச்சிரைப்பு. ரிசீவரை எடுத்தால் சத்தமே இல்லை. டார்ச்சோடு தொட்டி மேட்டுக்கு ஓடித்தான் ஆட்டோவைக் கூப்பிட்டேன். மறுவாரமே 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி மாட்டினேன். நாலு மணி நேரம் தாங்குகிறது. இழையின் மறுமுனையில் கம்பெனி வைத்திருக்கும் கருவிக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டால் நம் பெட்டிக்கு உயிர் இருந்தும் பிரயோஜனமில்லை. அப்படி இரண்டு தடவை ஆகியிருக்கிறது.

2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனைக் கூப்பிட முன்னால் 0 போடணும் அல்லவா? அம்மா தன் நோட்டில் இருக்கும் எல்லா நம்பருக்கும் முன்னால் சிவப்பு மையில் ஒரு 0 போட்டு வைத்திருக்கிறார். பால்காரர் வீட்டு லேண்ட்லைன் நம்பருக்கும் சேர்த்து.

பெட்டியில் சிவப்பு லைட் எரிந்தால், நெட்டையும் போனையும் சுமந்து இழை வழியாக வரும் வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம். கஸ்டமர் கேரில் புகார் பதிந்தால், ஆள் வருவதற்கு முன்பே "சரிசெய்யப்பட்டது" என்று மெசேஜ் வந்துவிடும். அதையும் தொட்டி மேட்டில் போய்த்தான் படிக்கணும். நிஜமாகச் சரிசெய்வது லைன் பார்க்கும் தம்பிதான். போன கார்த்திகையில் வந்தவர் அந்த வெளிச்சத்தை அளக்கும் பவர் மீட்டரைக் குத்திப் பார்த்து, "மைனஸ் 31 காட்டுதுங்கண்ணா, 27க்குக் கீழ போனாலே பெட்டி எடுக்காது. குரங்கு தொங்கியிருக்கும்" என்றார். அதேதான், வளைவில் கேபிள் மடங்கிக் கிடந்தது. வெட்டிவிட்டு ரோட்டோரம் குடைக்கடியில் உட்கார்ந்தார். தோலை உரித்து, முடி கனத்தில் இருக்கும் இழையை ஸ்பிரிட்டில் துடைத்து, மெஷினில் வைத்தார். திரையில் இரண்டு முனையும் நெருங்கி வந்து, ஒரு பொறி தட்டி, ஒட்டிக்கொண்டது. மூடுபனியில் மெஷின் இரண்டு முறை மக்கர் பண்ணியது. மூன்றாவது தடவை மைனஸ் 22. டீ குடித்துவிட்டுப் போனார். அவர் நம்பரும் அம்மா நோட்டில் ஏறிவிட்டது, முன்னால் 0 போட்டு.

செல்போனில் வைஃபை காலிங் வந்தபிறகு தொட்டி மேட்டுக்கு ஏறும் வேலை பாதியாகக் குறைந்தது. செட்டிங்கில் அதை ஆன் செய்துவிட்டால் வீட்டு நெட் வழியாகவே செல் நம்பருக்கு அழைப்பு வரும். அப்படியும் லேண்ட்லைனை எடுக்கவில்லை. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடமாக இருப்பது அந்த 04266 நம்பர்தான்.

ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்கிறார்கள். நான் ஆறு மாதத்துக்குத்தான் கட்டியிருக்கிறேன். இந்த ஐப்பசி தாண்டட்டும், பார்க்கலாம்.