விசா வந்த பிறகு யார் பொறுப்பு: ஏஜென்ட், பல்கலைக்கழகம், உறவுக்காரர் ஓர் ஒப்பீடு

பிளஸ் டூ முடிவு வெளியாகும் வாரத்திலேயே காரைக்குடியில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் அலுவலகங்களில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கட்டணம் எவ்வளவு, ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் மதிப்பெண் எவ்வளவு வேண்டும், எஜுகேஷன் லோன் கிடைக்குமா, விசா வருமா என்று பெற்றோர் துருவித் துருவிக் கேட்கிறார்கள். அங்கே போன பிறகு பிள்ளைக்கு உடம்புக்கு முடியாமல் போனால், மனம் தளர்ந்துவிட்டால், தங்கும் வீட்டில் யாராவது தொல்லை கொடுத்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்பவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியன் என்பதால் பழைய மாணவர்களும் உறவினர்களும் இந்த அலுவலகங்களுக்கு என்னைத் துணைக்கு அழைத்துச் செல்வது வழக்கம். பிள்ளையின் பாதுகாப்பை நம்பி ஒப்படைக்கத்தக்கவர் யார் என்பதை அந்தப் பழக்கத்திலிருந்தும், என் அக்காள் மகனுக்கு நேர்ந்ததிலிருந்தும் ஒப்பிட்டு எழுதுகிறேன்.

அவன் முதுகலை படிக்க வட இங்கிலாந்து நகரம் ஒன்றுக்குச் சென்றான். நவம்பரில் அங்கே மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். அந்த மாதத்தில் அவனுடைய பேச்சு குறைந்தது. வீடியோ அழைப்பில் எந்த நேரமும் திரைச்சீலை மூடியே இருந்தது. மேசைமேல் அக்காள் கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி டப்பா பிரிக்கப்படாமல் கிடந்தது. "ஒண்ணும் இல்லை அம்மான், தூக்கம்தான் சரியா வரல்லை" என்றான். அனுப்பிவைத்த ஏஜென்டைக் கேட்டோம். அட்மிஷன் வேலை முடிந்துவிட்டது, இனிப் பல்கலைக்கழகத்தைத்தான் கேட்க வேண்டும் என்றார். பல்கலைக்கழகத்துக்கு எழுதினோம், மாணவருடைய சம்மதமின்றி அவரைப் பற்றிய விவரங்களைப் பெற்றோருக்குச் சொல்ல இயலாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. உறவுக்காரர் ஒருவர் ரயிலில் மூன்று மணி நேரத் தொலைவில் இருந்தார்; அவருக்கு அன்று வேலை. மூன்று கதவுகளும் ஒரே நாளில் அடைபட்டபோதுதான், இந்த மூவரில் ஒவ்வொருவருடைய பொறுப்பும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை நாங்கள் விசாரிக்கத் தொடங்கினோம். புறப்படும் முன்பே விசாரித்திருக்க வேண்டியது அது.

முதலில் கமிஷன் ஏஜென்ட். பெற்றோரிடம் பணம் வாங்காமலோ சிறு தொகை மட்டும் வாங்கியோ வேலை செய்து, மாணவர் சேர்ந்த பிறகு முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கைக் கல்லூரியிடமிருந்து பெறுபவர் இவர். இதில் மறைக்க ஒன்றுமில்லை; ஆனால் அவருக்கு வருமானம் தருகிற வேலை பிள்ளை சேர்ந்ததோடு முடிந்துவிடுகிறது என்பதைப் பெற்றோர் மனத்தில் கொள்ள வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவோர் 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். மாணவர்களை அனுப்புவோருக்கு அந்தச் சட்டத்தில் அப்படியொரு பதிவு கிடையாது. எதிர்முனையில் ஓரளவு கட்டுப்பாடு இருக்கிறது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து ஆகிய நான்கு நாடுகளும் 2012இல் லண்டன் அறிக்கை என்ற பெயரில் ஏஜென்டுகளுக்கான நெறிகளை ஏற்றன. வயது நிரம்பாதவர்களின் நலனைக் காப்பது அவற்றுள் ஒன்று. ஆஸ்திரேலியக் கல்வி நிறுவனங்கள் தங்கள் ஏஜென்டுகளின் பட்டியலை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது அங்கே சட்டம். உங்கள் ஊர் ஏஜென்டின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். பத்து நிமிட வேலைதான்.

கமிஷன் வாங்குபவர் எல்லாம் கைவிடுபவர் என்று நான் சொல்ல மாட்டேன். தேவகோட்டையில் ஒருவரைத் தெரியும். அனுப்பிய பிள்ளைகளை முதல் வாரம், முதல் மாதம், முதல் தேர்வு முடிந்த பிறகு என மூன்று முறை தாமாகவே அழைத்துப் பேசுகிறார். சாப்பாட்டையும் தூக்கத்தையும் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் படிப்பைக் கேட்கிறார். கவலைப்படத்தக்க ஒன்றைப் பிள்ளை சொன்னால், அதைத் தாமே தீர்த்துவிட முயலாமல் பல்கலைக்கழக நலப்பிரிவின் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, பிள்ளை அங்கே பேசினாளா என்று மறுநாள் மீண்டும் கேட்கிறார். ஆலோசகரின் கடமை இந்த அளவுதான். அவர் மருத்துவரும் அல்லர், காவலரும் அல்லர். கேட்பது, குறித்துக்கொள்வது, உரியவரிடம் சேர்ப்பது என்ற மூன்றையும் செய்தால் போதும். பெற்றோரிடமே கட்டணம் வாங்கும் ஆலோசகர்கள் இந்தப் பின்தொடர்தலை எழுத்தில் உறுதி தரக்கூடியவர்கள். தொகை கூடுதலானாலும், எத்தனை மாதம், எத்தனை அழைப்பு என்று எழுதித் தருபவராக இருந்தால் நான் அவரையே விரும்புவேன். விண்ணப்பத்தை மட்டும் செலுத்தித் தரும் இணையச் செயலிகளை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே வேண்டியதில்லை. பிள்ளையின் குரல் மாறியிருப்பதைக் கண்டுகொள்ள அங்கே ஆள் இல்லை.

இரண்டாவது, கல்வி நிறுவனம். சட்டத்தின் பிடி உண்மையில் இங்கேதான் இருக்கிறது. நியூசிலாந்தில் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த மாணவர் நலப் பராமரிப்பு விதித்தொகுப்பு, மாணவரின் நலனையும் பாதுகாப்பையும் நிறுவனத்தின் கடமையாகவே வைக்கிறது. தான் அமர்த்திய ஏஜென்டைக் கண்காணிப்பதும் அந்தக் கடமையில் அடக்கம். ஆஸ்திரேலியாவில் 2018ஆம் ஆண்டின் தேசிய விதித்தொகுப்பு இதையொத்த பொறுப்பைச் சுமத்துகிறது. 2025 பிப்ரவரி முதல் உயர்கல்வி மாணவர்களின் புகாரைக் கேட்கத் தனி முறைகேள் அதிகாரியும் இருக்கிறார். பிரிட்டனில் வகுப்புக்கு வராமல் நின்றுவிடும் மாணவரைப் பற்றிப் பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பதால், மனச்சோர்வு நாளடைவில் விசாவையே பாதிக்கக்கூடும். மனநல ஆலோசகரிடம் போனால் விசா போய்விடும் என்று நம் பிள்ளைகள் அஞ்சி ஒதுங்குகிறார்கள். உண்மையில் ஆபத்து இருப்பது யாரிடமும் சொல்லாமல் வகுப்பை விட்டு நிற்பதில்தான். ஆலோசனை அறையில் பேசுவது, உயிருக்கு ஆபத்து போன்ற சூழல் தவிர, அந்த அறைக்குள்ளேயே இருக்கும்.

நிறுவனத்தின் குறை ஒன்றே, அது பெற்றோருக்கு மிகவும் வலிக்கிற குறை. 18 வயது நிரம்பியவர் அங்கே முழு மனிதர். ஆத்தாவும் அப்பச்சியும், அதாவது தாயும் தந்தையும், வெளியாட்கள். இதற்கு ஒரு வழி உண்டு. 2018இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகம், கடுமையான கவலை எழும்போது யாரைத் தொடர்புகொள்ளலாம் என்று மாணவரிடமே சேர்க்கையின்போது சம்மதம் கேட்கும் முறையைத் தொடங்கியது. நம் பிள்ளை சேரும் இடத்தில் அப்படியொரு படிவம் உண்டா என்று கேட்டு, விமானம் ஏறும் முன்பே நிரப்பச் சொல்ல வேண்டும். ஒரு நல்ல ஆலோசகர் இதை விசா ஆவணங்களோடு சேர்த்தே நினைவூட்டுவார். என் அக்காள் மகன் விஷயத்தில் யாரும் நினைவூட்டவில்லை.

வயது நிரம்பாதவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் பிள்ளைகளில் பலர் 17 வயதிலேயே பிளஸ் டூ முடித்துவிடுகிறார்கள். அந்தச் சில மாதங்கள் முக்கியம். ஆஸ்திரேலியா, தங்குமிடமும் பராமரிப்பும் உறுதியான தேதிக்கு முன்னால் அப்படிப்பட்ட பிள்ளையை நாட்டுக்குள் விடாது. பிரிட்டனில் 16 வயதுக்குட்பட்ட பிள்ளை நெருங்கிய உறவல்லாதவர் வீட்டில் 28 நாள் அல்லது அதற்கு மேல் தங்கினால் உள்ளூராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். பெற்றோரின் ஒன்றுவிட்ட சகோதரர் அந்தச் சட்டத்தின் கண்ணில் நெருங்கிய உறவு ஆகமாட்டார் என்பது நம்மவர்களுக்குத் தெரியாத செய்தி. அங்குள்ள உறைவிடப் பள்ளிகள் கேட்கும் காப்பாளர் பொறுப்புக்கு, ஏஜிஸ் என்ற அமைப்பின் ஆய்வில் தேறிய காப்பாளர் நிறுவனங்கள் உள்ளன. பள்ளிப் பிள்ளைக்கு நான் தயங்காமல் அவற்றையே தேர்வேன்.

மூன்றாவது, உறவும் ஊர்ச் சங்கமும். செட்டிநாட்டுக்கு இது புதிதல்ல. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடையில் தொழில் பழகும் கடைநிலை உதவியாளாகப் போன இளைஞன், சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இருந்தது போன்ற கிட்டங்கியில், அதாவது செட்டியார்கள் சேர்ந்து தொழில் செய்து தங்கிய கட்டடத்தில், பெரியவர்களின் பார்வையில் உண்டு உறங்கினான். அவன் காய்ச்சலில் கிடந்தால் கேட்க ஆள் இருந்தது, ஊருக்குக் கடிதம் போனது. அந்தக் கூட்டு வாழ்க்கையின் அரவணைப்பை எந்த அலுவலகமும் தர இயலாது. டிசம்பர் விடுமுறையில் விடுதி வெறிச்சோடும்போது ஒரு வீட்டில் சூடான இட்லி கிடைப்பது சிறிய விஷயமே அல்ல. ஆயினும் கிட்டங்கி ஆண்களுக்கான இடம், அங்கே பெரியவர் சொல்லே முடிவு. இன்று பெண் பிள்ளை தனியாகப் போகிறாள்; தொல்லை தருபவர் அந்த உறவு வட்டத்துக்குள்ளேயே இருந்துவிட்டால் அவள் வாய் திறக்க இடமில்லை. பாதுகாப்பு என்ற ஒன்றில் உறவை மட்டும் நம்புவதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். உறவு விருந்துக்கும் துணைக்கும் இருக்கட்டும். புகார் கேட்பவர் உறவுக்கு வெளியே இருக்க வேண்டும்.

அக்காள் மகன் தப்பியது விடுதியில் அடுத்த அறையிலிருந்த மாணவி நலப்பிரிவுக்குச் சொன்னதால். அவர்கள் அறைக்கே வந்து பேசினார்கள்; இரண்டு தாள்களுக்கு அவகாசம் கொடுத்தார்கள்; படிப்பை முடித்தான். இந்த செப்டம்பரில் அவன் தங்கை புறப்படுகிறாள். இம்முறை ஏஜென்டிடம் நாங்கள் கேட்ட முதல் கேள்வி, பல்கலைக்கழக நலப்பிரிவில் யாரிடம் பேசுவது என்பது. அவர் தெரியாது என்றார், வேறொருவரிடம் போனோம். அவசரத் தொடர்புக்கான சம்மதப் படிவத்தில் அவள் இரண்டு பெயர்களைத் தானே எழுதினாள்: முதலில் தன் ஆத்தா, அடுத்துத் தன் அண்ணன்.