ஓப்பனிங்கைச் சோதிக்க ஸ்டாக்ஃபிஷா, லீலாவா?

ஸ்டாக்ஃபிஷ், லீலா இரண்டும் சதுரங்க நிலைகளை அலசும் கணினி நிரல்கள், அதாவது என்ஜின்கள். ஓப்பனிங் எனப்படும் தொடக்க நகர்வு வரிசைகளைச் சோதிக்க எது நல்லது? ஓப்பனிங்குகளில் ஒன்றான சிசிலியன் நாய்டார்ஃபில் கறுப்பு ராணி பி2-வில் நிற்கும் சிப்பாயை வெட்டுகிற ‘விஷச் சிப்பாய்’ வரிசை பலருக்குத் தெரிந்திருக்கும். 1972-இல் ரெய்க்யவிக்கில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் 11-ஆவது ஆட்டத்தில், ஸ்பாஸ்கிக்கு எதிராக ஃபிஷர் அதை ஆடினார். 14-ஆவது நகர்வில் ஸ்பாஸ்கி தன் குதிரையை அது கிளம்பிய பி1 கட்டத்துக்கே திருப்பி அனுப்பினார். பிறகு கறுப்பு ராணி சிக்கிக்கொள்ள, ஃபிஷர் தோற்றார். அந்தப் போட்டி முடியும்வரை அந்தச் சிப்பாயை அவர் மறுபடி தொடவில்லை.

இப்படி ஒரே நகர்வில் ஆட்டம் கவிழக்கூடிய வரிசைகளுக்கு என் தேர்வு ஸ்டாக்ஃபிஷ்தான். வீட்டுக் கணினியிலேயே நொடிக்கு லட்சக்கணக்கான நிலைகளைத் துழாவும். எதிராளி ஒளித்து வைத்திருக்கும் பலியாட்டத்தைத் தோண்டி எடுத்துவிடும். லீலா பார்க்கும் நிலைகள் மிகக் குறைவு. நிலைகளை மதிப்பிடப் பயிற்சி பெற்ற தன் நியூரல் வலைக்கு முதல் பார்வையில் பிடிக்காத நகர்வுக்கு அது நேரமே ஒதுக்காமல் போகலாம். போதாக்குறைக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேறு வேண்டும்.

அப்புறம் லீலா எதற்கு? அமைதியான நிலைகளுக்கு. ‘0.00’, அதாவது இருவருக்கும் சமம், என்று ஸ்டாக்ஃபிஷ் மதிப்பெண் காட்டும் இரண்டு நிலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் எதை ஆடினாலும் டிரா. இன்னொன்றில் கறுப்புக்குத் தப்பிக்க ஒரே வழி. அதைத் தவறவிட்டால் தோல்வி. பலகைக்கு முன்னால் உட்காருபவருக்கு இவை இரண்டும் ஒன்றே அல்ல. லீலா வெற்றி, டிரா, தோல்வி மூன்றின் வாய்ப்பையும் அந்த நிலையைப் பார்த்தே பிரித்துச் சொல்லும். ஸ்டாக்ஃபிஷிலும் அப்படி ஒரு வசதி உண்டு. ஆனால் அது மதிப்பெண்ணையும் பலகையில் மிஞ்சிய காய்களையும் வைத்துப் போடும் கணக்கு, 0.00 வந்தால் சிக்கலான நிலைக்கும் சப்பென்ற நிலைக்கும் ஏறக்குறைய ஒரே விடைதான் வரும். எதிராளியைத் திணறடிக்கும் வரிசையைத் தேடும்போது லீலாவின் மூன்று எண்களே எனக்கு அதிகம் உதவுகின்றன.

ஸ்டாக்ஃபிஷின் +1.00-ஐ ஒரு சிப்பாய் கூடுதல் என்று இன்னமும் பலர் படிக்கிறார்கள். 2022 இறுதியில் வந்த 15.1 பதிப்பிலிருந்து அதன் பொருள், என்ஜினுக்கு எதிராக என்ஜின் ஆடினால் வெல்ல 50% வாய்ப்பு என்பது.

இன்னொரு விஷயமும் உண்டு. இரண்டு என்ஜினும் ஒத்துப்போனால் வரிசை உறுதியாகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். 2021-இல் வந்த ஸ்டாக்ஃபிஷ் 14-இன் நியூரல் வலையே லீலா திரட்டிய நிலைகளைக் கொண்டு பயிற்றப்பட்டதுதான். ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு சாட்சிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் தலையாட்டினாலும், சந்தேகமான இடத்தில் நாலைந்து நகர்வுகளை நாமே கையால் ஆடிப் பார்த்து, அங்கிருந்து ஸ்டாக்ஃபிஷை மறுபடி ஓடவிட வேண்டும். மதிப்பெண் அடிக்கடி மாறுவது அங்கேதான்.

கிராபிக்ஸ் கார்டு வாங்கக் காசில்லாத மாணவருக்கு ஸ்டாக்ஃபிஷ் ஒன்றே போதும், கைப்பேசியிலேயே ஓடும். கிராபிக்ஸ் கார்டு இருப்பவர் லீலாவிடம் யோசனை கேட்டு, ஸ்டாக்ஃபிஷிடம் அதை உடைக்கச் சொல்லட்டும்.