லேஅவுட் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் முதலில் அளவு கேளுங்கள்

மாடல் ரயில் லேஅவுட், அதாவது மேசைமேல் தண்டவாளம், ஸ்டேஷன் எல்லாம் வைத்துக் குட்டி ரயில் ஓட்டும் அமைப்பு, போட ஆள் தேடிக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

தாம்பரத்தில் எங்கள் வீட்டு மாடியில் 18-க்கு 11 அடி அறை ஒன்று காலியாக இருந்தது. விழுப்புரம் மாதிரி ஒரு ஜங்ஷன், ஒரு மேம்பாலம், சுற்றிவர இரட்டைப் பாதை என்று எனக்குப் பத்து வருஷக் கனவு. ஹெச்ஓ ஸ்கேல், அதாவது நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு. இதையே தொழிலாகச் செய்கிறேன் என்று ஒருவர் வந்து, கம்ப்யூட்டரில் போட்ட வண்ணப்படம் ஒன்றைக் காட்டினார். மலை, மரம், ஸ்டேஷன் எல்லாம் இருந்தன. அளவு மட்டும் ஓர் இடத்திலும் இல்லை. வளைவு எவ்வளவு என்று கேட்டேன். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார், நீங்க வண்டிய மட்டும் எடுத்து வைங்க" என்றார். 2,30,000 ரூபாய் பேசி, 1,40,000 முன்பணம் கொடுத்தேன்.

முதல் நாள் ஓட்டியபோதே தெரிந்துவிட்டது. நம் ஐசிஎஃப் பெட்டியின் நீளம் 21.3 மீட்டர், ஹெச்ஓவில் சுமார் 24.5 சென்டிமீட்டர். அது நிம்மதியாகத் திரும்ப, வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப்போல் மூன்று மடங்காவது வேண்டும், அதாவது 29 அங்குலம். டேப் வைத்து அளந்தேன்: 15 அங்குலம்! சுற்றுக்குச் சுற்று மூன்றாவது பெட்டி சாய்ந்தது. மேம்பாலத்துக்கு 4 அங்குலம் ஏற, 50-க்கு 1 சரிவில் கிட்டத்தட்ட 17 அடி தேவை. அவர் 8 அடியில் ஏற்றியிருந்தார். இன்ஜின் பாதியில் நின்று சக்கரம் மட்டும் சுற்றியது. விழுந்த பெட்டியை எடுக்கலாமென்றால், சுவரோடு ஒட்டிய மேசை நாலரை அடி அகலம். என் கை இரண்டரை அடிதான் எட்டும்.

பிளைவுட் என்று சொன்னது பார்ட்டிகிள் போர்டு. ஐப்பசி மழையில் ஜன்னலோரம் டீயில் நனைந்த பிஸ்கட்போல ஊதிவிட்டது. நகத்தால் சுரண்டினால் மரத்தூள் உதிர்கிறது.

ஆனால் நான் உண்மையிலேயே பயந்தது வயரிங்கைப் பார்த்துத்தான். மேசைக்கு அடியில் கனமான வயர் ஓடி, மூன்றடிக்கு ஒருமுறை தண்டவாளத்துக்கு இணைப்பு ஏற வேண்டும். இங்கே மொத்த லேஅவுட்டுக்கும் ஒரே இடத்தில் இரண்டு மெல்லிய வயர். கடைக்கோடியில் ஒரு பெட்டி தடம் புரண்டு ஷார்ட் ஆனது. அவ்வளவு தூரத்தில், அந்த வயரின் தடையைத் தாண்டி, மின்சாரம் 5 ஆம்பியரைத் தொடவே இல்லை; தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் அந்த அளவை எட்டினால்தான் தானாகக் கட் ஆகும், அதனால் அது கட் ஆகவில்லை. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தபிறகுதான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். பெட்டியின் போகி (சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டம்) உருகித் தண்டவாளத்தோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் என் பேரன் நின்றுகொண்டிருந்தான்.

யார் போட்டுத் தந்தாலும் சரி, மீதிப் பணம் கொடுக்கும் முன் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை லேஅவுட்டின் கடைசி மூலையில் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வைத்துப் பாருங்கள். பூஸ்டர் அந்த நொடியே கட் ஆக வேண்டும். ஆகவில்லையென்றால் நாணயத்தை உடனே எடுத்துவிட்டு, வயரிங்கை மாற்றச் சொல்லுங்கள்.

இப்போது எங்கள் தெரு ஆசாரியை வைத்து 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில், சுவரோரமாக இரண்டடி அகலத்தில் மறுபடி போடுகிறேன். வளைவு 30 அங்குலம். மேம்பாலம் இப்போதைக்கு இல்லை.

அந்த ஆள் என் போனை எடுப்பதில்லை. போன வாரம் நண்பர் ஒருவர், தனக்கு வந்த பிளான் என்று ஒரு படம் அனுப்பி, எப்படியிருக்கிறது என்று கேட்டார். அதே மலை, அதே ஸ்டேஷன். அதிலும் அளவு இல்லை.