ஆட் பிளாக்கர் மக்கர் பண்ணா எதுல சீக்கிரம் சரி பண்ணலாம்? யூபிளாக் ஆரிஜின், லைட், பிரேவ், டிஎன்எஸ்

எந்த ஆட் பிளாக்கர் பெஸ்ட்னு கேட்டா உடனே எது எத்தனை விளம்பரத்தை தடுக்குதுன்னு எண்ண ஆரம்பிச்சிடுறாங்க. ஒழுங்கா ஓடுற வரைக்கும் எல்லாமே ஒண்ணுதாங்க, லாகின் பட்டனை அமுக்கினா கம்முனு இருக்கு, வீடியோ கருப்பா நிக்குது, நேத்து வரைக்கும் வராத விளம்பரம் இன்னைக்கு வருது, அப்போதான் எது கைகொடுக்கும்னு தெரியும்.

அந்த விஷயத்துல பயர்ஃபாக்ஸ் + அதுல எக்ஸ்டென்ஷனா (பிரவுசர்ல சேர்த்துக்குற துணை புரோகிராம்) போடுற யூபிளாக் ஆரிஜின் பக்கத்துல யாரும் வர முடியாது, காரணம் யூபிளாக்ல இருக்கிற லாகர், அதாவது எதை எதைத் தடுத்துச்சுன்னு காட்டுற பதிவு. சைட் உடைஞ்சா லாகரைத் திறந்து வச்சுட்டு பேஜை ரீலோட் பண்ணுங்க, எந்த ரிக்வெஸ்ட் தடுக்கப்பட்டுச்சு, எந்த லிஸ்ட்ல இருக்கிற எந்த ஃபில்டர் (தடுக்குற விதி) தடுத்துச்சுன்னு வரிவரியா வந்துடும், அந்த ஒண்ணுக்கு மட்டும் விலக்கு குடுத்தா போதும், மொத்தத்தையும் ஆஃப் பண்ண வேண்டாம். திடீர்னு விளம்பரம் வர ஆரம்பிச்சா யூபிளாக்கோட டாஷ்போர்டுல (செட்டிங் பக்கம்) ஃபில்டர் லிஸ்ட் பக்கம் போய் கேஷ் (சேமிச்சு வச்சிருக்கிற பழைய காப்பி) எல்லாத்தையும் அழிச்சுட்டு அப்டேட் குடுங்க, யூடியூப்ல விளம்பரம் திரும்ப வர்ற தொல்லைக்கும் முதல் வைத்தியம் இதுதான். அப்பவும் சரியாகலைன்னா வேற ஒரு பிளாக்கரும் கூடவே ஓடுதான்னு பாருங்க, ஒரே வீட்ல ரெண்டு சமையல்காரன் மாதிரி ஒண்ணு செய்யறதை இன்னொண்ணு கெடுக்கும். பயர்ஃபாக்ஸோட சொந்த டிராக்கிங் தடுப்பை ஸ்ட்ரிக்ட்ல வச்சிருந்தா அதுவே சில சைட்டை உடைக்கும், பழி யூபிளாக் மேல விழும்.

குரோம்ல "யூபிளாக் காணாம போச்சு"ன்னு கேக்குறவங்களுக்கு, அது உங்க கம்ப்யூட்டர் கோளாறு இல்லை. மேனிஃபெஸ்ட் வி3ங்கிற (எக்ஸ்டென்ஷன்களுக்கான புது விதிமுறை) மாற்றத்தால பழைய வகை எக்ஸ்டென்ஷன்களை 2024ல இருந்து ஆஃப் பண்ண ஆரம்பிச்சு 2025ல முழுசா முடிச்சுட்டாங்க. அதே ரேமண்ட் ஹில் எழுதின யூபிளாக் ஆரிஜின் லைட் தான் அங்க மாற்று. இதுல விதிகளை முன்கூட்டியே பிரவுசர்கிட்ட குடுத்துடுறாங்க, தடுக்குற வேலையை பிரவுசரே பாத்துக்கும், அதனால ரொம்ப லேசா ஓடும், ஆனா அந்த லிஸ்ட் எல்லாம் எக்ஸ்டென்ஷன் அப்டேட் ஆகும்போதுதான் புதுசாகும், அவசரத்துக்கு நம்ம அப்டேட் பட்டனைத் தட்ட முடியாது, காத்திருக்கணும். நம்ம கையில இருக்கிறது மோடு மாத்துறதுதான். பேசிக்ல இருந்தா விளம்பரம் போயிடும் ஆனா அது இருந்த வெத்து கட்டம் அப்படியே நிக்கும், ஆப்டிமல் இல்ல கம்ப்ளீட்டுக்கு ஏத்துங்க. எக்ஸ்டென்ஷனுக்கு எல்லா சைட்லயும் அனுமதி இருக்கான்னும் பாத்துடுங்க.

பிரேவ்ங்கிறது தனி பிரவுசர், இதுல தடுப்பு உள்ளயே இருக்கிறதால மேலே சொன்ன குரோம் பிரச்சனை இதைத் தொடாது. சைட் உடைஞ்சா அட்ரஸ் பார்ல இருக்கிற சிங்கம் ஐகானைத் தட்டி ஷீல்ட்ஸை (பிரேவோட தடுப்பு) அந்த சைட்டுக்கு ஆஃப் பண்ணு, முடிஞ்சுது. எதையும் நோண்டப் பிடிக்காதவங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஏன் உடைஞ்சுதுன்னு தெரிஞ்சே ஆகணும்னா யூபிளாக் லாகர் அளவுக்கு வசதியா இருக்காது, அவ்வளவுதான்.

ஆட்பிளாக் பிளஸ்ங்கிற இன்னொரு பிளாக்கரை வச்சிருந்து சில விளம்பரம் மட்டும் தப்பிச்சு வந்தா அது ரிப்பேர் இல்ல, செட்டிங். "ஏற்கத்தக்க விளம்பரம்"னு 2011ல இருந்தே ஒரு ஏற்பாடு வச்சிருக்காங்க, டிக் ஏற்கனவே போட்டே வரும், எடுத்துடுங்க.

பிரைவேட் விண்டோல மட்டும் விளம்பரம் வருதா? அங்க ஓட எக்ஸ்டென்ஷனுக்கு தனியா அனுமதி குடுக்கணும், எந்த எக்ஸ்டென்ஷனா இருந்தாலும் இதே கதைதான்.

கடைசியா டிஎன்எஸ் வகை, டிஎன்எஸ்னா சைட்டோட பேரை (டொமைன்) வச்சு அதோட முகவரியைத் தேடிக் குடுக்கிற சேவை, விளம்பர டொமைன் பேரை அங்கயே தடுக்குற பை-ஹோல் (நம்ம வீட்டு நெட்வொர்க்ல நாமளே ஓட்டுறது), ஆட்கார்டு டிஎன்எஸ் இதெல்லாம். ஆப்ஸ், டிவி எல்லாத்துக்கும் சேர்த்து தடுக்கும், அது பெரிய பிளஸ். ஆனா டொமைன் பேரை மட்டும் பாத்து தடுக்கிறதால வீடியோவும் விளம்பரமும் ஒரே இடத்துல இருந்து வர்ற யூடியூப் மாதிரி சைட்ல இது செல்லாது, எத்தனை லிஸ்ட் சேர்த்தாலும் சரி. பை-ஹோல் போட்டும் ஒரு பிரவுசர்ல மட்டும் விளம்பரம் வருதுன்னா அந்த பிரவுசர் பை-ஹோலைக் கேக்காம தன்னோட செக்யூர் டிஎன்எஸ் வழியா சுத்திட்டுப் போகுது, பிரவுசர் செட்டிங்ல அதை ஆஃப் பண்ணுங்க. ஆண்ட்ராய்டு 9 இல்ல அதுக்கு மேல இருக்கிற போன்ல பிரைவேட் டிஎன்எஸ் (போன் முழுக்க ஒரே டிஎன்எஸ் சேவையைப் போடுற செட்டிங்) போட்டு வச்சு, வெளியிடத்து வைஃபையோட லாகின் பக்கம் திறக்கவே மாட்டேங்குதுன்னா ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணிட்டு லாகின் முடிச்சு மறுபடி போட்டுக்குங்க.