காரைக்குடியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கு: தினமும் போய் வருவதா, விடுதியா, வெளியே அறையா?

எம்.பி.பி.எஸ். இடம் ஒதுக்கிய அலாட்மென்ட் ஆர்டர் கைக்கு வந்த மறுநாளே வீட்டில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். சிவகங்கை கிடைத்தால் "இந்தா இருக்கு, பஸ்ல ஏறினா இறங்கிரலாம்" என்பார்கள். புதுக்கோட்டை கிடைத்தால் இன்னும் லேசாகச் சொல்வார்கள். மதுரையோ தஞ்சாவூரோ என்றால் பேச்சே இல்லை, பெட்டி கட்ட வேண்டியதுதான். குழப்பமெல்லாம் கிட்டத்தில் இடம் கிடைத்தவர்களுக்குத்தான்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதல் வருடம் கல்லூரி விடுதிதான் சரி. விடுதியில் வாய்க்கு ருசியாகச் சாப்பாடு கிடைக்காது, தனிமை கிடைக்காது, சில மாதம் தண்ணீருக்கும் வரிசை நிற்கும். அப்படியிருந்தும் ஏன் என்பதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: காலை முதல் மணி வகுப்பு.

பணத்தை முதலில் முடித்துவிடலாம், அதில் பெரிய சிக்கல் இல்லை. பஸ், ரயில் செலவு விடுதிச் செலவைவிடக் குறைவு. பைக் அப்படி இல்லை. அதைக் கீழே பார்ப்போம். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்கு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அவர்கள் பணத்துக்காகத் தினமும் அலைய வேண்டிய தேவையே கிடையாது.

இனி நேரத்துக்கு வருவோம். காரைக்குடியிலிருந்து கல்லல், காளையார்கோவில் வழியாகச் சிவகங்கை ஏறக்குறைய 50 கிலோமீட்டர். காரைக்குடி - மதுரை பஸ்கள் பெரும்பாலும் திருப்பத்தூர், மேலூர் வழியாகப் போய்விடுவதால் அடுத்தடுத்து வண்டி வரும் தடம் இது கிடையாது. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு 15 நிமிடம், வண்டிக்கு நிற்பது 15, ஓட்டம் ஒன்றேகால் மணி, சிவகங்கையில் இறங்கி மானாமதுரை ரோட்டில் இருக்கும் கல்லூரிக்குப் போய்ச் சேர 20 என்று வையுங்கள். ஒரு வழிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். போக வர நாலு மணி, மாதம் 25 நாளைக்கு 100 மணி நேரம். எட்டு மணிக்கு வகுப்பென்றால் ஆறு மணிக்கு முன்னாலேயே வாசலைத் தாண்டியிருக்க வேண்டும்.

"பஸ்ஸிலேயே படிக்கலாமே" என்பவர்கள் அனாட்டமி, அதாவது உடற்கூறியல், படித்ததில்லை. கையெலும்பைத் திருப்பிப் பார்த்துத் தசை எங்கே ஒட்டுகிறது என்று விரலால் தடவிப் படிக்கிற பாடம் அது. நிற்க இடமில்லாத வண்டியில் பையிலிருந்து தொடையெலும்பை எடுத்தால் கண்டக்டர் என்ன சொல்வார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நேரம் போவதைக்கூடச் சமாளிக்கலாம். அட்டெண்டன்ஸ் போனால் சமாளிக்க முடியாது. தேசிய மருத்துவ ஆணைய விதிப்படி தியரியில் 75 சதவீதம், பிராக்டிகலில் 80 சதவீதம் வருகை இருந்தால்தான் பல்கலைக்கழகத் தேர்வு எழுத விடுவார்கள். மொத்தமாகக் கூட்டிப் பார்ப்பதில்லை. முதல் வருடப் பாடங்களான அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. இங்கேதான் தினப் பயணம் ஆளைக் கவிழ்க்கிறது. ஒரு பாடத்துக்கு மாதம் 20 தியரி வகுப்பு என்று வைத்தால், அதில் வாரத்துக்கு இரண்டு முதல் மணியில் விழும். அதாவது மாதம் எட்டு. வண்டி தாமதத்தால் அந்த எட்டில் ஐந்து தவறினாலே 15/20, சரியாக 75. காய்ச்சல், தீபாவளி, பொங்கல், ஊர்த் திருவிழா, வீட்டுக் கல்யாணம் எதுவும் இன்னும் கணக்கில் வரவில்லை. பத்து நிமிடம் தாமதமாகப் போனாலும் கையெழுத்து விழாது என்கிற பேராசிரியர் ஒருவராவது எல்லாக் கல்லூரியிலும் உண்டு.

பிராக்டிகலில் இதே கதை சாயங்காலம் நடக்கும். நாலு மணி வண்டியை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான் என்றால், உடலை அறுத்துப் படிக்கும் டிசெக்‌ஷன் ஹாலிலிருந்து கடைசி அரைமணி நேரம் நழுவத் தோன்றும். செய்து காட்டிச் சொல்லித் தரும் ஆசிரியரான டெமான்ஸ்ட்ரேட்டர் மேசைக்கு வந்து கேள்வி கேட்டுச் சந்தேகம் தீர்க்கும் நேரம் பெரும்பாலும் அந்தக் கடைசி அரைமணிதான். வாரம் ஐந்து பிராக்டிகலில் ஒன்று போனாலே 80. அதற்கு மேல் ஒரு நாள் நழுவினால் சிக்கல்.

தேர்வில் தவறினால் சப்ளிமென்டரி எழுதலாம். அட்டெண்டன்ஸ் இல்லாமல் தேர்வுக்கே விடாவிட்டால் எழுத எதுவும் இல்லை. கூடப் படித்தவர்கள் இரண்டாம் வருடம் வார்டுக்குப் போகும்போது நீங்கள் அதே ஹாலில் உட்கார்ந்திருப்பீர்கள். முதல் வருடத் தேர்வை எழுத மொத்தம் நான்கு வாய்ப்புத்தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ரயில் பற்றி இரண்டு வார்த்தை. காரைக்குடி - மானாமதுரை தடத்தில் தேவகோட்டை ரோடு, கல்லல், பனங்குடி தாண்டிச் சிவகங்கை. இருப்பதிலேயே மலிவு இதுதான். கல்லூரி முதல்வரிடம் சான்று வாங்கிக் கொடுத்தால் மாணவர் சீசன் டிக்கெட்டுக்குப் பாதிக் கட்டணம். சீசனை வைத்துக்கொண்டு ரிசர்வேஷன் பெட்டியில் ஏறினால் அபராதம், அது தனி. ஆனால் இந்த ரயில் பாதை ஒற்றைத் தடம். எதிரே எக்ஸ்பிரஸ் வந்தால் உங்கள் வண்டியை ஸ்டேஷனில் கிராசிங்குக்கு நிறுத்திவிடுவார்கள், எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வண்டிகளும் குறைவு, ஒன்றை விட்டால் அரை நாள் போயிற்று. சனிக்கிழமை வீட்டுக்கு வரவும் திங்கள் விடியலில் திரும்பவும் ரயில் அருமை. தினமும் நம்புவதற்கு அது ஆகாது.

பைக்கில் போகிறேன் என்று சொல்லும் பையன்கள்தான் அதிகம், அதனால் இந்தக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே போடுகிறேன். நாளைக்கு 100 கிலோமீட்டர், மாதம் 2,500. லிட்டருக்கு 50 கொடுக்கும் வண்டியென்றாலும் 50 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 5,000. என்ஜின் ஆயில் 2,500 முதல் 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதாவது மாதா மாதம். செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் அடிக்க வேண்டும் என்றால் ஐந்து நாளைக்கு ஒருமுறை. செயின் ஸ்ப்ராக்கெட் 20,000 - 25,000 ஓடும். வருடம் முடிவதற்குள் புது செட். இதையெல்லாம் தள்ளிப் போட்டால் முதலில் செயின் தளர்ந்து சத்தம் போடும், பிறகு ஒரு நாள் காளையார்கோவில் தாண்டி நடுரோட்டில் கழன்று விழும். அன்று இன்டர்னல் தேர்வாகத்தான் இருக்கும்.

ரோட்டையும் பாருங்கள். முதல் வருட வகுப்பு தொடங்கி ஓரிரு மாதத்துக்குள் ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொள்ளும். ஆறு மணிக்கெல்லாம் இருட்டு, ரோட்டில் ஆடும் மாடும். தை, மாசியில் அறுப்பு முடிந்ததும் தார் ரோட்டில் நெல் காயப் போட்டிருப்பார்கள். ஓரத்தில் கல் வைத்திருப்பதும் சாயங்கால வெளிச்சத்தில் தெரியாது. மணிக்கணக்கில் நின்று டிசெக்ட் செய்துவிட்டு, தூக்கக் கலக்கத்தோடு 50 கிலோமீட்டர் ஓட்டுவதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

புதுக்கோட்டைக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். காரைக்குடியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், திருச்சி போகும் பஸ்கள் நிறைய, ரோடும் நல்ல ரோடு. ஆனால் கல்லூரி ஊருக்குள் இல்லை, தஞ்சாவூர் ரோட்டில் முள்ளூரில் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு வண்டி மாற வேண்டும். அந்த மாற்றத்தில்தான் காலை நேரம் கரையும். பெண்பிள்ளைகளுக்கு டவுன் பஸ் கட்டணமில்லை என்பது நல்லதுதான், காத்திருக்கும் நேரத்தை அது குறைக்காது. திருமயத்துக்காரர்களுக்கு மட்டும் வேறு பதில்: அங்கிருந்து புதுக்கோட்டை 20 கிலோமீட்டர்தான். பஸ் நிற்கும் இடத்துக்கு அருகில் வீடு இருந்தால் தினமும் போய் வரலாம், தவறில்லை. கானாடுகாத்தான் இரண்டும் கெட்டான் தூரம். ஒரு மாதம் விடுதியில் இருந்து டைம்டேபிளைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

அடுத்து, சொந்தக்காரர் வீடு. "அப்பத்தா வீடு சும்மா பூட்டித்தானே கிடக்கு, அங்கே இருந்துக்கிடட்டுமே" என்ற யோசனை செட்டிநாட்டில் வராத குடும்பம் கிடையாது. கல்லூரிக்குப் பக்கத்து ஊரில் அப்படி ஒரு வீடு இருந்தால் ஆசையாகத்தான் இருக்கும். முகப்பும் பட்டாலையும் பார்க்க அழகு. இரவு பதினொரு மணிக்கு ஒற்றை ஆளாக உட்கார்ந்து படிக்க அந்த வீடு ஆகாது. பழைய வயரிங்கில் ஃபேனும் லேப்டாப்பும் ஓடும், இண்டக்‌ஷன் அடுப்பு போட்டால் ஃபியூஸ் போகும். வளவில் பங்காளிகள் நாலு பேருக்குச் சாவி இருக்கும். தை மாதம் கல்யாணமோ, முன்னோருக்குப் படைக்கும் படைப்போ வந்தால் வீடு நிறைய ஆள், உங்கள் அறையில் பந்திப் பாத்திரம். கேட்கவும் முடியாது, நீங்கள்தான் விருந்தாளி. சித்தப்பா, அத்தை குடியிருக்கும் வீடென்றால் வேறு சங்கடம்: சாப்பாடு நன்றாகக் கிடைக்கும், ஆனால் மார்க் பட்டியல் ஊருக்கே தெரியும்.

வெளியே அறை எடுப்பதை நான் ஒதுக்கவில்லை, இரண்டாம் வருடத்துக்குத் தள்ளி வைக்கிறேன். மூன்று பேர் சேர்ந்து எடுத்தால் வாடகை விடுதியோடு போட்டி போடும். எடுக்கும்போது பார்க்க வேண்டியவை சில. தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, தனியாக வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. பத்து மாதம் கேட்டால் இதைச் சொல்லிப் பேரம் பேசலாம், எழுத்தில் ஒப்பந்தமும் போட வேண்டும். அடுத்து கரண்ட். வீட்டுக்கென்று தனி இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வாங்கினால் அந்தச் சலுகை உங்கள் கைக்கு வராது. மீட்டர் எண்ணைப் பார்த்து மின் கணக்கு அட்டையைக் கேளுங்கள். தண்ணீரைக் குடித்துப் பார்க்க வேண்டும், வாளியில் உப்புப் படிந்திருந்தால் குடிக்கக் கேன் தண்ணீர்ச் செலவு கூடும். மாடி அறை என்றால் சித்திரையில் ஒரு மத்தியானம் போய் நின்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். முதல் வருடத்தில் இது ஏன் வேண்டாம் என்றால், சமைக்க, பெருக்க, கேன் தூக்க என்று போகும் நேரமும், கூட இருக்கும் இருவர் யார் என்றே தெரியாமல் சேர்வதும்தான். ஆறு மாதம் பழகினால் யாரோடு குடித்தனம் நடத்தலாம், யாரோடு முடியாது என்று தானே தெரிந்துவிடும்.

விடுதியில் என்ன தொல்லை வரும் என்பதையும் மறைக்கக் கூடாது. மெஸ் பெரும்பாலும் டிவைடிங் முறை. மாதச் செலவு மொத்தத்தையும் எல்லாரும் சாப்பிட்ட நாட்களால் வகுத்து, உங்கள் நாட்களால் பெருக்குவார்கள். லீவு எழுதிக் கொடுக்காமல் ஊருக்குப் போனால் நீங்கள் சாப்பிடாத சோற்றுக்கும் பணம் கட்டுவீர்கள். பொங்கல் மாதத்தில் பாதிப் பேர் ஊரில் இருந்தாலும் சமையல்காரர் சம்பளமும் கேஸும் குறையாது. அந்த மாதம் நாள் கணக்கு ஏறத்தான் செய்யும். வீட்டிலிருந்து பருப்புப் பொடியும் ஊறுகாயும் கொண்டுபோங்கள், வாரக்கணக்கில் நிற்கும். மாவுருண்டையும் கைமுறுக்கும் கொண்டுபோனால் அன்றிரவே டப்பா காலி.

ராகிங் பயம் பெற்றோருக்கு உண்டு. சேரும்போதே மாணவரும் பெற்றோரும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி கொடுக்க வேண்டும். 1800-180-5522 என்ற தேசிய உதவி எண் எந்நேரமும் எடுக்கும். முதல் வருடத்தவரைத் தனிப் பிளாக்கில் வைத்திருக்கிறார்களா என்று வார்டனிடம் நேரிலேயே கேட்டுவிடுங்கள்.

சின்னதாகத் தெரியும் விடுதியின் இன்னொரு லாபம், உடலைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் நாற்றத்தை வீடுவரை சுமக்க வேண்டாம் என்பது. டிசெக்‌ஷன் முடிந்ததும் அறைக்குப் போய்க் குளித்து, வெள்ளைக் கோட்டைத் தனி வாளியில் அன்றே அலசிப் போடலாம். கோட்டு முழுக்கை, இரண்டு வேண்டும். பஸ்ஸில் வருபவர்கள் அதை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, வீட்டுத் துணியோடு சேராமல் துவைக்க வேண்டும்.

இரண்டாம் வருடம் வார்டு போஸ்டிங் தொடங்கியதும் தினசரி நேரம் மாறும். அப்போது அறை, விடுதி இரண்டும் கிட்டத்தட்டச் சமம். பிரசவ வார்டில் இரவு டியூட்டி வரும் காலத்திலும், பயிற்சி மருத்துவராக இருக்கும் 12 மாதத்திலும் மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரத்தில் இருப்பவர் பிழைத்தார். அந்தக் கட்டத்துக்கு இப்போதே வீடு பார்க்க வேண்டாம், எந்த மருத்துவர் குழுவில் (யூனிட்) போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும்.

விடுதியென்று முடிவெடுத்தால் விண்ணப்பத்தை அட்மிஷன் அன்றே கேட்டு வாங்குங்கள். இடம் குறைவான கல்லூரியில் தொலைவில் இருந்து வருபவர்களுக்கு முதலில் கொடுப்பது வழக்கம். காரைக்குடி முகவரியைப் பார்த்து "பக்கம்தானே" என்று தள்ளினால், பஸ் நேரத்தையும் முதல் மணி வகுப்பையும் ஒரு தாளில் எழுதி விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுங்கள்.